தற்காப்புக்குச் சிறிய கைத்துப்பாக்கி: வாங்குபவருக்கு முன்பே தீர்மானித்துவிடும் சட்டம்

திருவனந்தபுரம்: தற்காப்புக்காக உடைக்குள் மறைத்து வைத்துக்கொள்ளக் கூடிய சிறிய கைத்துப்பாக்கி எது என்ற கேள்விக்கு அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான விடைகள் உண்டு. கேரளத் தலைநகரில் அதே கேள்வியைக் கேட்பவருக்குக் கிடைக்கும் விடைகளை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். குழலின் விட்டம் என்ன, எந்த நாட்டில் செய்தது, எப்படி எடுத்துச் செல்வது, எத்தனை வைத்துக்கொள்ளலாம் என்பவற்றையெல்லாம் வாங்குபவர் கடைக்குள் நுழையும் முன்பே சட்டம் தீர்மானித்துவிடுகிறது. அவருக்கு எஞ்சுவது இரண்டு முடிவுகள் மட்டுமே. அதைக் கையாளக் கற்றுக்கொள்வதா என்பது ஒன்று. உண்மையிலேயே அது தேவைதானா என்பது மற்றொன்று.

நகைக் கடை உரிமையாளர்கள், பெருந்தொகையுடன் பயணம் செய்யும் வணிகர்கள், தனித்த எஸ்டேட் பங்களாக்களில் வசிப்போர், மிரட்டலுக்கு உள்ளான அரசியல்வாதிகள் எனக் கைத்துப்பாக்கி உரிமம் கோருவோருக்கு ஆளுக்கொரு காரணம் இருக்கிறது. ஆனால், கேரளம் துப்பாக்கி மோகம் கொண்ட மாநிலமல்ல. மத்திய உள்துறை அமைச்சகம் தொகுத்த கணக்கின்படி, 2016 இறுதியில் நாடு முழுவதும் இருந்த சுமார் 33.7 லட்சம் உரிமங்களில் 12.77 லட்சத்துக்கும் மேற்பட்டவை உத்தரப் பிரதேசத்தில் இருந்தன. தமிழகத்தில் சுமார் 22,500. கேரளத்தில் சுமார் 9,500 மட்டுமே. 2011 மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் உத்தரப் பிரதேசத்தில் ஏறத்தாழ 160 பேருக்கு ஒரு உரிமம் என்றால், கேரளத்தில் 3,500 பேருக்கு ஒன்று. அவற்றிலும் பல, காட்டுப்பன்றிகளிடமிருந்து பயிரைக் காக்க விவசாயிகள் வைத்திருக்கும் நீண்ட குழல் துப்பாக்கிகளுக்கானவை.

உரிமை அல்ல, சலுகை: துப்பாக்கி வைத்திருப்பது இந்தியாவில் அடிப்படை உரிமையல்ல. அமெரிக்க அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தம் போன்ற ஏற்பாடு எதுவும் இங்கு இல்லை. உரிமம் பெறாத துப்பாக்கிகளின் பெருக்கத்தை 2023 பிப்ரவரியில் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, இந்த வேறுபாட்டைச் சுட்டிக்காட்டியது. அந்த அமர்வுக்குத் தலைமை வகித்தவர் கேரளத்தைச் சேர்ந்த நீதிபதி கே.எம். ஜோசப்.

எனவே, 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் உரிமம் பெறுவதே முதல் படி. விண்ணப்பதாரருக்கு 21 வயது நிறைவடைந்திருக்க வேண்டும். திருவனந்தபுரம் மாவட்டவாசி எனில், குடப்பனக்குன்னில் உள்ள ஆட்சியர் அலுவலகமே அவர் அணுக வேண்டிய இடம். விண்ணப்பத்தின் மீது காவல் துறை விசாரணை நடத்தும். குற்றப் பின்னணி, மனநிலை, கூறப்படும் அச்சுறுத்தல் உண்மையா என்பன ஆராயப்படும். உடல்நலச் சான்றும், வீட்டில் துப்பாக்கியைப் பூட்டிப் பாதுகாக்க வசதி உண்டு என்ற உறுதிமொழியும் தேவை. உரிமதாரர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண் அளிக்கப்பட்டு, தேசிய அளவிலான தகவல் தொகுப்பில் பதிவு செய்யப்படுகிறது.

குழலின் விட்டமே எல்லை: உரிமம் கைக்கு வந்த பிறகும் விருப்பமான துப்பாக்கியை வாங்கிவிட முடியாது. ராணுவமும் காவல் துறையும் பயன்படுத்தும் தோட்டாக்களுக்கான துப்பாக்கிகள் "தடை செய்யப்பட்ட விட்டம்" என்ற பிரிவில் வருகின்றன. 9 மி.மீ. பிஸ்டல் அவற்றுள் ஒன்று. இந்தப் பிரிவுக்கு அனுமதி வழங்கும் அதிகாரம் மத்திய உள்துறை அமைச்சகத்திடம் மட்டுமே உள்ளது. சாதாரணக் குடிமகனுக்கு அது கிட்டுவது அரிது.

உலகெங்கும் மறைத்து எடுத்துச் செல்வதற்கென விற்கப்படும் சிறிய பிஸ்டல்களில் பெரும்பாலானவை 9 மி.மீ. விட்டம் கொண்டவை. 2018-இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்து பெரும் வரவேற்பைப் பெற்ற சிக் சாவர் பி365 சுமார் அரை கிலோ எடையுள்ளது. 10 தோட்டாக்கள் கொண்டது. அந்த வகை முழுவதும் இந்திய வாடிக்கையாளருக்கு எட்டாதது. அவருக்கு நடைமுறையில் எஞ்சுவது 0.32 அங்குல விட்டமும், அதனினும் சிறிய 0.22 அங்குல விட்டமுமே.

அடுத்த தடை இறக்குமதி. தனிநபர் பயன்பாட்டுக்கு வெளிநாட்டுத் துப்பாக்கிகளைத் தருவிப்பது 1980-களின் நடுப்பகுதியிலிருந்து தடுக்கப்பட்டுள்ளது. அங்கீகரிக்கப்பட்ட துப்பாக்கி சுடும் வீரர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. இதன் விளைவாக, தடைக்கு முன்பே நாட்டுக்குள் வந்துவிட்ட ஜெர்மனியின் வால்தர், அமெரிக்காவின் கோல்ட், பிரிட்டனின் வெப்லி ஆகியவை உரிமதாரர்களிடையே கைமாறும்போது அவற்றின் வயதுக்கும் தரத்துக்கும் பொருந்தாத விலை பேசப்படுகிறது. பெயருக்காக அரை நூற்றாண்டுப் பழமையான பிஸ்டலை வாங்குபவர், தேய்ந்த உதிரி பாகத்துக்கு மாற்று கிடைக்காமல் திண்டாட நேரிடும்.

கான்பூரின் தயாரிப்புகள்: ஆகவே, தேடல் பெரும்பாலும் அரசுத் தொழிற்சாலைகளில்தான் முடிகிறது. பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலைகள் வாரியம் கலைக்கப்பட்டு, 2021 அக்டோபர் 1 முதல் ஏழு பொதுத்துறை நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. அவற்றுள் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனமே சிறுரக ஆயுதங்களைத் தயாரிக்கிறது.

நெடுங்காலமாக விற்பனையில் உள்ள 0.32 ரிவால்வர், பிரிட்டனின் வெப்லி ரிவால்வர் மரபில் வந்தது. ஆறு தோட்டாக்கள் கொண்டது. நடுவே மடங்கித் திறக்கும் அமைப்புடையது. அதே அமைப்பில் எடை குறைந்த "நிர்பீக்" 2014 ஜனவரியில் அறிமுகமானது. டைட்டானியம் கலந்த உலோகத்தாலான இதன் எடை சுமார் அரை கிலோ. கைப்பைக்குள் அடங்கும் என்று கூறி, பெண்களின் தற்காப்புக்கானது என விளம்பரப்படுத்தினர். அப்போதைய விலை ரூ. 1,22,360.

2012 டிசம்பர் 16-ஆம் தேதி தில்லியில் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாகி உயிரிழந்த பெண்ணுக்கு ஊடகங்கள் சூட்டிய "நிர்பயா" என்ற பெயரை நினைவுபடுத்தும் வகையில் அதற்குப் பெயரிடப்பட்டது சர்ச்சையை எழுப்பியது. பெண்களின் கையில் ஆயுதம் தருவது, அவர்களைக் காக்க இயலாத தோல்வியை அரசே ஒப்புக்கொள்வதாகும் என்று ஆயுதக் கட்டுப்பாட்டு ஆர்வலர் பீனாலட்சுமி நெப்ரம் கண்டித்தார். அந்த விலை எத்தனை பெண்களுக்குக் கட்டுப்படியாகும் என்ற கேள்வியும் எழுந்தது.

2023 ஆகஸ்ட் 18-இல் "பிரபல்" வெளிவந்தது. இந்தியாவில் தயாரான ரிவால்வர்களில், தோட்டா உருளை பக்கவாட்டில் வெளியே வரும் அமைப்புடைய முதலாவது இது என்று அறிவிக்கப்பட்டது. துப்பாக்கியை மடக்காமலேயே தோட்டாக்களை நிரப்பலாம். எடை சுமார் 700 கிராம். குழலின் நீளம் 76 மி.மீ.; மொத்த நீளம் ஏறத்தாழ 18 செ.மீ. முந்தைய ரிவால்வர்களைவிட இரு மடங்காக, 50 மீட்டர் வரை குறி தவறாது என்பது தயாரிப்பாளரின் கூற்று.

பிஸ்டல் விரும்புவோருக்கு அரசுத் தயாரிப்பான "அஷானி" உண்டு. தனியார் துறையில், பிரிட்டனின் வெப்லி அண்ட் ஸ்காட் நிறுவனம் இந்தியக் கூட்டாளியுடன் இணைந்து உத்தரப் பிரதேசத்தின் ஹர்தோய் மாவட்டத்திலுள்ள சண்டீலாவில் உற்பத்தியைத் தொடங்கியதால், 2020-க்குப் பிறகு 0.32 வகையில் சற்றே போட்டி ஏற்பட்டுள்ளது.

ரிவால்வரா, பிஸ்டலா? இவ்வளவு சுருங்கிய பட்டியலிலும் ஒரு முடிவை வாங்குபவரே எடுத்தாக வேண்டும். ரிவால்வர் தடித்தது; உருளை உடைக்கு வெளியே புடைத்துத் தெரியும். ஆனால், ஒரு தோட்டா வெடிக்காமல் போனால் விசையை மீண்டும் அழுத்தினால் போதும், அடுத்த தோட்டா முன்னே வந்துவிடும். தட்டையான பிஸ்டல் இடுப்பில் எளிதில் மறையும்; தோட்டாக்களும் கூடுதலாக அடங்கும். ஆயினும் தோட்டா சிக்கிக்கொண்டால் அதை நீக்க இரு கைகளும் பதற்றமில்லாத மனமும் வேண்டும். மேகசினைக் கழற்றிய பிறகும் குழலுக்குள் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம் என்பதை மறந்ததால் நேர்ந்த விபத்துகள் உலகெங்கும் ஏராளம்.

சிறியதே சிறந்தது என்று கருதுவதும் தவறு. எடை குறையக் குறையச் சுடும்போது ஏற்படும் பின்னுதைப்பு கையில் பலமாக உணரப்படும். குழல் குட்டையானால் குறிபார்க்கும் முனைகளுக்கு இடையிலான தூரம் குறைந்து, சிறு பிசகும் இலக்கில் பெரும் விலகலாகும். இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையின் 0.22 "நிடர்" வெறும் 250 கிராம் எடையுள்ளது. பையில் வைக்கச் சுகமான துப்பாக்கி, சுடுவதற்கும் சுகமானதாக இருக்க வேண்டும் என்பதில்லை. கைப்பிடி உள்ளங்கையை நிறைக்கிறதா, விரல் விசையை இயல்பாக எட்டுகிறதா, விசையை அழுத்தும்போது குழல் ஆடுகிறதா என்பவையே விலைப்பட்டியலைவிட முக்கியமான சோதனைகள்.

தோட்டாவிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இரண்டும் 0.32 என்றே அழைக்கப்பட்டாலும், ரிவால்வருக்கான தோட்டா வேறு, 7.65 மி.மீ. என்றும் குறிப்பிடப்படும் பிஸ்டல் தோட்டா வேறு. ஒன்றை மற்றொன்றில் பயன்படுத்தலாகாது. எத்தனை தோட்டாக்கள் வாங்கலாம் என்பதும் உரிமத்திலேயே குறிக்கப்பட்டிருக்கும்.

மறைப்பது கட்டாயம்: துப்பாக்கியை வெளியே தெரியும்படி அணிவதா, மறைத்து அணிவதா என்பது அமெரிக்க மாநிலங்களில் ஓயாத விவாதம். பொது இடத்தில் கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்லும் உரிமையை அந்நாட்டு உச்ச நீதிமன்றமே 2022 ஜூனில் நியூயார்க் வழக்கு ஒன்றில் விரிவுபடுத்தியது. இந்தியாவில் அந்த விவாதத்துக்கு இடமில்லை. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் 32-ஆவது விதி இதைத் தெளிவாகக் கூறுகிறது. பொது இடத்தில் கைத்துப்பாக்கி, அதற்கென அமைந்த உறையில் உடலோடு பொருத்தப்பட்டிருக்க வேண்டும். அல்லது முதுகுப் பை போன்ற ஒன்றில் இருக்க வேண்டும். எந்நிலையிலும் அது முழுமையாக மூடப்பட்டிருக்க வேண்டும். எடுத்துச் செல்பவரின் முழுக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். மறைத்து எடுத்துச் செல்வது இங்கு சலுகையல்ல, நிபந்தனை.

துப்பாக்கியைக் காட்டிப் பிறரை அச்சுறுத்துவது, திருமணம், ஊர்வலம், பொதுக்கூட்டம் போன்றவற்றில் ஏந்திச் செல்வது ஆகியவை உரிமத்தையே பறிக்கக் கூடிய மீறல்கள். 2017 ஜூனில் கோட்டயம் மாவட்டம் முண்டக்கயம் அருகே, அப்போதைய பூஞ்ஞாறு சட்டப்பேரவை உறுப்பினர் பி.சி. ஜார்ஜ் எஸ்டேட் தொழிலாளர்கள் முன்னிலையில் கைத்துப்பாக்கியை எடுத்ததாக வெளியான காட்சிகள் பெரும் விவாதத்தைக் கிளப்பின. அது உரிமம் பெற்ற துப்பாக்கி, தற்காப்புக்கானது என்பது அவரது விளக்கம். உரிமம் இருப்பதும், அதை வெளியே எடுப்பதும் இருவேறு விஷயங்கள் என்பதை அந்தச் சம்பவம் மாநிலத்துக்கு உணர்த்தியது.

தலைநகரில் பயிற்சி: உரிமம் பெறத் துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சியை 2016 விதிகள் வலியுறுத்தியபோதும், அதை எங்கே பெறுவது என்பது கேரளத்தில் பலருக்குச் சிக்கலாகவே இருந்தது. இது உயர் நீதிமன்றம் வரை சென்றது. நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து, 2022 ஏப்ரலில் அப்போதைய மாநிலக் காவல் துறைத் தலைவர் அனில் காந்த் ஓர் ஆணை பிறப்பித்தார். அதன்படி, உரிமதாரர்களுக்கும் விண்ணப்பதாரர்களுக்கும் காவல் துறையின் ஆயுதப்படை முகாம்களிலேயே பயிற்சி அளிக்க ஏற்பாடாயிற்று. துப்பாக்கியைப் பிரித்துக் கையாள்வது முதல் சுட்டுப் பழகுவது வரை 13 நாள் பாடத்திட்டம் வகுக்கப்பட்டது. சுடும் பயிற்சிக்குக் கட்டணம் 5,000 ரூபாய். தலைநகரின் வட்டியூர்க்காவில் 2015 தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக அமைந்த துப்பாக்கி சுடும் தளமும் உள்ளது. ஆனால், அது விளையாட்டு வீரர்களுக்கானது.

ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் கொடுத்துத் துப்பாக்கி வாங்குபவர், அதன் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவான தொகையைப் பயிற்சிக்குச் செலவிடத் தயங்கினால், அந்தத் துப்பாக்கியால் அவருக்கே ஆபத்து அதிகம்.

நாடாளுமன்றத்தில்: உரிமதாரர்களின் குரலுக்கு நாடாளுமன்றத்தில் வலு இருக்கிறது என்பதை 2019 காட்டியது. ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்ற உச்சவரம்பை ஒன்றாகக் குறைக்கும் திருத்த மசோதாவை அந்த ஆண்டு நவம்பரில் மத்திய அரசு கொண்டுவந்தது. எல்லைப் பகுதிகளிலும் பாரம்பரியமாக ஆயுதம் வைத்திருக்கும் குடும்பங்களிலும் அது பாதிப்பை ஏற்படுத்தும் என எதிர்ப்பு எழுந்ததால், உச்சவரம்பு இரண்டாக மாற்றப்பட்டது. மக்களவை டிசம்பர் 9-ஆம் தேதியும் மாநிலங்களவை மறுநாளும் மசோதாவை நிறைவேற்றின. பரம்பரைச் சொத்தாக வந்த துப்பாக்கிகளும் இந்த வரம்புக்குள் அடங்கும். அதே திருத்தம் உரிமத்தின் காலத்தை மூன்று ஆண்டுகளிலிருந்து ஐந்தாக உயர்த்தியது. கொண்டாட்டத்துக்காகச் சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்போருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் எனத் தண்டனையையும் வகுத்தது.

எல்லைக்கு அப்பால்: உரிமம் பெற்றவர் இத்தனை விதிகளுக்கும் கட்டுப்பட, குற்றம் புரிபவர் எதற்கும் கட்டுப்படுவதில்லை. 2020 ஜனவரி 8-ஆம் தேதி இரவு, திருவனந்தபுரத்தை ஒட்டிய தமிழக எல்லையான களியக்காவிளை சோதனைச் சாவடியில் பணியிலிருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டும் வெட்டியும் கொல்லப்பட்டார். கொலையாளிகள் மறைத்துக் கொண்டுவந்த கைத்துப்பாக்கி, பின்னர் எர்ணாகுளம் பேருந்து நிலையம் அருகே சாக்கடையிலிருந்து மீட்கப்பட்டது. கத்தி, திருவனந்தபுரம் தம்பானூரில் கிடைத்தது. நாட்டில் துப்பாக்கியால் நிகழும் கொலைகளில் பெரும்பகுதி உரிமமற்ற ஆயுதங்களால் நிகழ்கின்றன என்பதையே தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளும் காட்டுகின்றன.

உரிமமே தேவைப்படாத ஏர் பிஸ்டல்கள் மற்றொரு கவலை. 2024 ஜூலை 28-இல் தலைநகரின் வஞ்சியூர் பகுதியில், கூரியர் கொண்டுவந்தவர் போல் முகத்தை மறைத்து வந்த பெண் ஒருவர், வீட்டிலிருந்த பெண்ணை ஏர் பிஸ்டலால் சுட்டுக் காயப்படுத்தினார். குறிப்பிட்ட விட்டத்துக்கும் விசைத் திறனுக்கும் உட்பட்ட ஏர் துப்பாக்கிகளுக்கு உரிமம் கோரப்படுவதில்லை. பார்வைக்கு அசல் பிஸ்டலைப் போலவே இருப்பதால், எதிரே நிற்பவர் எது அசல், எது அல்ல என்று பிரித்தறிய முடியாது. அசல் துப்பாக்கியை உறையில் வைத்திருப்பவருக்கு இது கூடுதல் இக்கட்டு. எதிரியின் கையில் இருப்பது என்னவென்று அறியாமலேயே அவர் முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

சிறிய கைத்துப்பாக்கி உடைக்குள் மறையும் என்ற பண்பு தாக்க வருபவருக்கும் பயன்பட்டுள்ளதற்குத் தென்னாட்டு வரலாற்றிலேயே சான்று உண்டு. திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் புனலூரில் வனத் துறையில் பணியாற்றிய வாஞ்சிநாதன், 1911 ஜூன் 17-ஆம் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷைச் சுட்டதும், பிறகு தன்னைச் சுட்டுக்கொண்டதும் பெல்ஜியத்தில் தயாரான பிரவுனிங் கைத்துப்பாக்கியால்தான். இந்தியர்கள் உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்பதை 1878-ஆம் ஆண்டின் சட்டம் தடுத்திருந்த காலம் அது.

கடைசி முடிவு: தற்காப்பு உரிமையைப் புதிய பாரதிய நியாய சம்ஹிதாவும் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் அங்கீகரிக்கிறது. ஆனால், தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு விளைவிக்கக் கூடாது. காவல் துறையின் உதவியை நாட அவகாசம் இருக்கும்போது இந்த உரிமை செல்லாது என்ற வரம்புகளும் அதிலேயே உள்ளன. விசையை அழுத்திய ஒவ்வொரு முறைக்கும் நீதிமன்றத்தில் கணக்குச் சொல்ல வேண்டும். சுட்டவர் நிரபராதி என்று விடுவிக்கப்படும் வரை வழக்கின் சுமை அவருடையதே.

இவற்றையெல்லாம் எடைபோட்ட பிறகும் தேவை என்று கருதுவோருக்கு நடைமுறை வரிசை எளிது. முதலில் பயிற்சி, அடுத்து உரிமம், அதன் பிறகே துப்பாக்கி. பயிற்சியில் கைக்குப் பழகிய வகை எதுவோ அதை வாங்குவதே நலம். விசையை முழுவதும் மூடும் தரமான உறையும், குழந்தைகளின் கைக்கு எட்டாத இரும்புப் பெட்டகமும் துப்பாக்கியோடு சேர்த்து வாங்க வேண்டியவை. உரிமம் கேரளத்துக்கு மட்டுமானது எனில், களியக்காவிளையைத் தாண்டி நாகர்கோவிலுக்குச் செல்லும் நாளில் துப்பாக்கி வீட்டுப் பெட்டகத்திலேயே இருக்க வேண்டும். தேர்தல் காலத்தில் ஒப்படைக்கும்படி மாவட்ட நிர்வாகம் பணித்தால், அச்சுறுத்தல் தொடர்ந்தாலும் அது காவல் நிலையத்துக்குப் போய்விடும். பூட்டு, கண்காணிப்பு கேமரா, வங்கி மூலமான பணப் பரிமாற்றம், அக்கம்பக்கத்தாரின் துணை ஆகியவற்றை இந்த விதிகள் எதுவும் கட்டுப்படுத்துவதில்லை. விண்ணப்பப் படிவத்தை நிரப்பும் முன் இவற்றையும் முயன்று பார்த்தோமா என்று ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுக்கொள்வது நல்லது.